ஒரே குறிப்பு, இரண்டு நோய்ப் பெயர்கள்

கேள்வி: மூன்று மாதமாகத் தூக்கமில்லாமலும் படபடப்போடும் எடை குறைந்தும் தவிக்கும் என் தங்கையை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவள் அழுதபடியே குரலை உயர்த்திப் பேசினாள். பத்து நிமிடத்தில், 'எல்லாவற்றையும் மிகைப்படுத்தும் சுபாவம்' என்று சீட்டில் எழுதிவிட்டார். அவள் ஆணாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா?
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அந்த மருத்துவர் தவறு செய்தார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி.

1970-இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஐ. பிராவர்மனும் அவருடைய குழுவினரும் மனநலத் துறையினர் 79 பேரிடம் மனநலமுள்ள ஆண், பெண், பொதுவாக ஒரு மனிதர் ஆகியோரின் இயல்புகளைக் கேட்டபோது, மனிதரைப் பற்றிய விவரிப்பு ஆணுடையதோடு ஒத்துப்போனது. மனநலமுள்ள பெண்ணோ எளிதில் பதறுபவள், பிறர் சொல்லுக்கு வளைபவள் என்று சித்திரிக்கப்பட்டாள். அந்த 79 பேரில் 33 பேர் பெண்கள் என்பதும், அவர்களுடைய விடையும் வேறுபடவில்லை என்பதும் என்னை இன்றும் வருத்துகின்றன.

1989-இல் மாரீன் ஃபோர்ட், தாமஸ் விடிஜர் ஆகியோர் நடத்திய ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. பொய், ஏமாற்று, பிறர் உரிமையை மதியாமை ஆகியவை நிறைந்த ஒரே நோயாளிக் குறிப்பில் பாலினத்தை மட்டும் மாற்றி உளவியலாளர்களுக்கு அனுப்பினார்கள். ஆண் என்றிருந்தபோது சமூகவிரோத ஆளுமைக் கோளாறு என்று சொன்னவர்கள் அதிகம். பெண் என்றதும், கவனத்தை ஈர்க்க உணர்ச்சிகளைக் கொட்டும் ஹிஸ்ட்ரியானிக் ஆளுமைக் கோளாறு என்ற பக்கம் பலர் சாய்ந்தார்கள். ஆனால் வேறொரு குழுவினரிடம் நோயின் பெயரைக் கேட்காமல், ஒவ்வோர் அறிகுறியும் இருக்கிறதா என்று தனித்தனியாக மதிப்பிடச் சொன்னபோது அந்தச் சாய்வு தென்படவில்லை. நோயாளியைப் பற்றி மனத்தில் சட்டென்று எழும் ஒட்டுமொத்தச் சித்திரத்தில்தான் பாரபட்சம் நுழைகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே, எந்தெந்த அறிகுறிகளைக் கொண்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அந்த மருத்துவரிடமே மரியாதையோடு கேளுங்கள். அது நோயாளியின் உரிமை. தூங்கிய நேரம், படபடப்பு வந்த வேளை, உடல் எடை ஆகியவற்றைத் தேதியிட்டு எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரந்தாலும் தூக்கமின்மை, படபடப்பு, எடைக் குறைவு மூன்றும் சேர்ந்தே வரக்கூடும் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். மறுமொழி திருப்தி தராவிட்டால் இன்னொரு மனநல மருத்துவரின் கருத்தைப் பெறுங்கள். அதுவரை, மாத்திரைகள் ஏதும் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.