பினாங்கில் நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஊர் திரும்ப இரண்டே நாள். சாப்பாட்டுப் பட்டியலில் பாதி மிச்சம். எதை விடலாம், எதைக் கட்டி எடுத்துப் போகலாம்?

கேள்வியைப் பார்த்தாலே நிலைமை புரிகிறது. வீடியோ பார்த்துப் பட்டியல் போட்டு வந்திருக்கிறீர்கள், வயிறு ஏற்கெனவே மந்தம், நண்பர் வண்டி ஓட்டியே களைத்திருப்பார். மிச்சமுள்ள பாதியை இரண்டு நாளில் முடிக்கப் பார்த்தால் எதுவும் நாக்கில் நிற்காது. பெட்டியில் வராததை மட்டும் சாப்பிடுங்கள், வருவதை வாங்கிக் கட்டுங்கள். ரொட்டி சானாய், பிரியாணி, தோசை மூன்றையும் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடலாம். "மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடை ரொட்டியும் நம்ம பரோட்டாவும் ஒன்றா?" என்று யாராவது கருத்துப் பெட்டியில் கிளம்புவார்கள். ஒன்றல்ல, தெரியும். ஆனால் இருப்பது இரண்டு நாள்.

பெட்டியில் வரவே வராதது சார் குவே தியாவ். அரிசி மாவுப் பட்டை நூடுல்ஸை இறால், முட்டை, முளைப்பயறு, சீனப் பூண்டுத்தாள் போட்டு, சட்டி புகையும் சூட்டில் பிரட்டுவது. பொட்டலமாக வாங்கினால் பத்து நிமிடத்தில் முளைப்பயறு தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் ஒட்டிக்கொள்ளும். பேர் பெற்ற கடை என்பதைவிட ஒரு தட்டு ஒரு தட்டாகப் போடும் கடையா என்று பாருங்கள். மூன்று தட்டுக்கானதை ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கிவிடும், வறுபடாமல் வெந்துவிடும். 2022 டிசம்பரில் மிச்செலின் கையேடு பினாங்குக்கு வந்ததிலிருந்து அதில் பேர் வந்த கடைகளில் வரிசை நீளம். வரிசை நீண்டால் சமைப்பவரும் மொத்தமாகத்தான் கொட்டுவார். வரிசையில்லாத நேரத்தில் போங்கள்.

சீனர் ஒட்டுக்கடையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், வேண்டாதவர்கள் ஹலால் கடை தேடவும். இன்னொன்று, இந்த இரண்டு நாளும் "கெராங் தா மாவ்" என்று சொல்லிவிடுங்கள். கெராங் என்கிற சிப்பியை அரைவேக்காட்டில்தான் போடுவார்கள், அதுதான் ருசி. மஞ்சள் காமாலை வைரஸ் முதல் வயிற்றுப்போக்கு வரை அரைவேக்காட்டுச் சிப்பியில் வரும். முதல் வாரத்தில் வயிறு கெட்டால் நண்பர் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், விமானத்தில் முடியாது.

சோற்றின்மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாரை முதல் நாள் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கிளம்பும் நாளில் வேண்டாம். காரமும் எண்ணெயும் அவ்வளவு. கேம்பெல் தெருவில் ஹமீதியா கடை 1907-இலிருந்து இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ நேரத்தில், சுமாராகப் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, பல முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும். தட்டில் சோறு விழுந்ததும் கோழி அல்லது மீன் ஒன்று, வெண்டைக்காய், பாதி உப்பு முட்டை என்று காட்டி, கடைசியில் "பஞ்சிர்" என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார். விலையை ஏற்றுவது பெரிய இறால், கணவாய், மீன் சினை மூன்றும்தான். கரண்டி அதன் பக்கம் போகும்போதே எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று கேளுங்கள். தட்டு நிரம்பியபின் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. பொட்டலம் வாங்கினால் குழம்பைத் தனியாகக் கட்டச் சொல்ல "குவா அசிங்" என்றால் போதும். அப்படியே வாங்கினாலும் இந்த வெக்கையில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள்.

வார நாளாக இருந்தால் ஒரு காலைப்பொழுதை பாலேக் பூலாவுக்குக் கொடுங்கள். தீவின் பின்பக்கம், வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. ஒரே பயணத்தில் லக்சா (புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸ்), ஜாதிக்காய், பருவமானால் டுரியான் மூன்றும் முடியும். டுரியான் பெரும்பாலும் மே கடைசியிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் வரை. கண்ணெதிரே வெட்டச் சொல்லி அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். எத்தனை அடுக்குச் சுற்றிக் கட்டினாலும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், பல விடுதிகளிலும் அனுமதியில்லை. கிளம்பும் நாளில் சாப்பிட வேண்டாம். ஏப்பம் விடும்போது பக்கத்து இருக்கைக்காரர் நினைப்பது நமக்குக் கேட்காது, ஆனால் நினைப்பார்.

ஆசாம் லக்சாவைக் கிண்ணத்தோடு கொண்டுபோக முடியாது, ஊரில் வைக்கலாம். மீன் நம் ஊர் கானாங்கெளுத்தியேதான், புளியும் இருக்கிறது. ஆசாம் கெப்பிங் என்ற உலர் புளித்துண்டுக்குப் பதில் கொடம்புளி சமாளிக்கும். கிடைக்காதவை புங்கா கந்தான் என்ற இஞ்சிப்பூவும் கெசோம் இலையும். அதனால் அவை அரைத்துச் சேர்த்த லக்சா விழுது பாக்கெட்டை வாங்குங்கள். நாலு பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 600 கிராம் மீன். வெந்ததும் மீனை எடுத்து முள்ளெடுத்து உதிர்த்து வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரை வடிகட்டி விழுதையும் புளியையும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, கடைசியில் மீனைச் சேர்க்க வேண்டும். முதலிலிருந்தே உதிர்த்துப் போட்டுக் கொதிக்கவிட்டால் கூழாகிவிடும். மேலே வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி ஹேகோ. இந்த ஹேகோ கரும்பாகு மாதிரியான இறால் விழுது. இது இல்லாமல் லக்சா மீன் ரசம்தான்.

கட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஹேகோ, காயா என்ற தேங்காய் ஜாம், சம்பல், லக்சா விழுது எல்லாமே பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் வைத்தால் குப்பைத்தொட்டிக்குப் போகும். பெரிய பெட்டியில் வையுங்கள். ஹேகோ டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் பையில் போட்டு, துணிக்கு நடுவில். பெலாச்சான் என்ற இறால் கட்டியானால் அலுமினியத் தாள், அதன்மேல் இரண்டு ஜிப் பை, அதன்மேல் மூடியுள்ள டப்பா. ஓர் அடுக்கு குறைந்தாலும் பட்டுப்புடவைகூடக் கருவாட்டு வாசம் அடிக்கும். இறைச்சி, மீன், பால் பொருள், விதை, பழம் இவற்றுக்கு இந்தியச் சுங்கத்தில் தனிக் கேள்வியே இருக்கிறது. வைத்திருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். சீனக் கடையின் உலர்ந்த இறைச்சித் துண்டும், இஞ்சிப்பூக் கிழங்கும் வேண்டவே வேண்டாம்.

தாவ் சார் பியாவைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் நொறுங்கும். பாசிப்பயறுப் பூரணம் வைத்த சின்ன பிஸ்கட் அது. கடையில் சூடாகத் தந்தால் பெட்டியை உடனே டேப் ஒட்ட விடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று மேலோடு நமத்துவிடும். வீட்டில் திறந்து ஆறவைத்து மூடுங்கள். ஊரில் வெறும் தோசைக்கல்லில், சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்களும் உண்டு, ஹலால் முத்திரை பார்க்கவும். ஜாதிக்காய்ச் சதையில் செய்த தின்பண்டம் சௌராஸ்தா சந்தையில் கிடைக்கும். சர்க்கரை தூவிய உலர் வகை எடுங்கள், பாகில் ஊறியது ஒழுகும். செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்புக்கு ஊற்றும் கூலா மலாக்கா (தென்னைவெல்லம்) உருளையும் நன்றாக வரும். காகிதத்தில் சுற்றி டப்பாவில் போடாவிட்டால் எறும்பு.

கேட்காததை ஒன்று சொல்கிறேன். எவ்வளவு அழகாகக் கட்டினாலும், கடைசி நாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வரும். அத்தைக்குக் கோடாலி தைலம் ஒரு டஜன், சித்தப்பாவுக்கு டைகர் பாம், யாருக்கோ மைலோ இரண்டு கிலோ. தைலம் சென்னை பர்மா பஜாரில் பல காலமாகக் கிடைக்கிறது, இணையத்திலும் வருகிறது. பிறகு ஏன் விருந்தாளியின் பாதிப் பெட்டி மற்றவர்களின் தலைவலிக்குப் போக வேண்டும்? "வெளிநாடு போனவன் ஒரு தைலம்கூட வாங்கித் தரவில்லை" என்று பேசுவார்கள், பேசட்டும். உறவை மதிக்காதவன் என்று என்னைத் திட்டுபவர்கள், முதலில் கூடுதல் எடைக்கு விமான நிலையத்தில் கட்டும் கட்டணத்தை உறவினரிடம் கேட்டுப் பார்க்கவும்.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கடையிலும் "இது என் செலவு" என்று மல்லுக்கு நிற்க வேண்டாம், இங்கே வந்தவருக்குப் பெலாஞ்சா செய்வது, அதாவது அவர் செலவை ஏற்பது வழக்கம். அதற்குப் பதில் அவர் வீட்டு குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். நீங்கள் ஆசையாக வாங்கிப் பாதி தின்ற பொட்டலங்கள்தான் அடைத்திருக்கும். கிளம்புமுன் காலி செய்து, துடைத்து, பாலும் முட்டையும் பழமும் வாங்கி வையுங்கள். கடைசி இரவு வெளியே இழுக்காதீர்கள். வாரக்கடைசியில் ஜார்ஜ் டவுனில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடு. வீட்டில் ஒரு ரசஞ்சோறு உங்களுக்கும் அவருக்கும் நல்லது.

மிச்சமான சில்லறைக் காசைச் சென்னையில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். ரேபிட் பினாங்கு பேருந்தில் மீதி கிடையாது, சரியாகப் போட வேண்டும் என்பதால் அங்கே காலி செய்யலாம். விமானம் மாலையிலோ முன்னிரவிலோ என்றால், விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை விடும் நேரத்து நெரிசலைக் கணக்கில் வையுங்கள். டவுனிலிருந்து சாதாரணமாக அரை மணி, முக்கால் மணி ஆகும் வழி அப்போது ஒன்றரை மணி இழுக்கும். நாலு மணிக்குள் பாலம் திரும்பும் இடத்தைத் தாண்டிவிடுங்கள்.