போர்வெல் பம்ப் ஷாஃப்டுக்கு 410 ராடு போதுமா, 316க்கு மாற வேண்டுமா?

கேட்டவர் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். இதுவரை 410 ராடில் ஷாஃப்ட் கடைந்தவருக்கு, விலை கூடுதலான 316 போட்டால் தரம் கூடுமா என்று சந்தேகம். (410, 316 போன்றவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளின் கிரேடு எண்கள்.)

கூடும் என்று சொல்ல மாட்டேன். ஷாஃப்ட் எதனால் வீணாகிறது என்று முதலில் பாருங்கள்.

புஷ் உட்காரும் இடத்தில் தேய்கிறது என்றால் 316 உதவாது. 304, 316 இரண்டையும் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. 410ஐ முடியும். அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) 304, 316 ராடுகளுக்கு ஈல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம், குறைந்தபட்சம் 205 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) என்றால், ஹார்டன் செய்து (கடினமாக்கி) டெம்பர் செய்த (மறுபடி அளவாகச் சூடாக்கிய) 410க்கு 550. கோயம்புத்தூர் பம்ப் பட்டறைகளில் 410 இவ்வளவு ஓடுவதற்கு விலை மட்டுமே காரணம் இல்லை. ஆனால் டெம்பரிங்கைச் சுமார் 400 முதல் 580 டிகிரிக்குள் செய்தால் ராடு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஹீட் ட்ரீட்மென்ட் வெளியே கொடுத்தால் எந்த வெப்பநிலை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷாஃப்ட் வளைந்து ஆடுகிறது, அதனால் கிரேடு மாற்றுகிறேன் என்று சிலர் வருவார்கள். அது வீண் செலவு. எல்லா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், 200 ஜி.பி.ஏ. (கிகாபாஸ்கல்) அளவில். விட்டத்தைக் கூட்டுங்கள்: விட்டம் பத்து சதவீதம் கூடினாலே வளைவு மூன்றில் ஒரு பங்கு குறையும்.

தண்ணீர் உப்பு என்றால் கதை வேறு. 410இல் குரோமியம் 11.5 முதல் 13.5 சதவீதம்தான், உப்புத் தண்ணீர் அதில் குழி குழியாகப் பறித்துவிடும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் அது தாங்கும். உப்போடு வலுவும் வேண்டும் என்றால் நான் 2205 டூப்ளெக்ஸ் (வலு கூடிய இன்னொரு ஸ்டெயின்லெஸ் வகை) பக்கம் போவேன்; காசு கூடத்தான். கடல் தண்ணீர் தேங்கி நிற்கும் இடுக்குகளில் 316கூட அரிக்கும். ஓரளவு உப்புக்கு 431 நடுவழி: ஹார்டன் செய்யலாம், குரோமியமும் 15 முதல் 17 சதவீதம் உண்டு.

கேட்டவர் 303 கிரேடு பற்றியும் கேட்டிருந்தார். அதில் கந்தகம் சேர்த்திருப்பதால் கடையும்போது சுருள் உடைந்து விழும், டூல் ஆயுள் நீளும். வெல்டிங்குக்கும் உப்புக்கும் ஆகாது. நிறைய நட், புஷ் கடைய வேண்டும் என்றால் அருமை.

அப்புறம், வாங்கும்போது காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 410 ஒட்டும், சரி. ஆனால் 304 என்று விற்கும் 202ஐக் காந்தம் காட்டிக்கொடுக்காது, இரண்டுமே ஒட்டாது. இழுத்த 304 ராடு லேசாக ஒட்டவும் செய்யும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்ப்பார்கள், சீக்கிரம் துருப்பிடிக்கும். எக்ஸ்ரே கன் (உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி) வைத்துப் பார்த்தால் மாங்கனீஸும் மாலிப்டினமும் உடனே தெரியும். கார்பனை அது காட்டாது. அதனால் 316ஆ, கார்பன் குறைந்த 316எல்ஆ என்பதற்கு ராடில் குத்தியுள்ள ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) மில் சர்டிபிகேட்டில் (ஆலை தரும் சான்று) உள்ள நம்பரும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.