கிழிசல் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது, அப்புறம் தையல் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, கபடி ஆடுவாள். முட்டியை மடக்கி நீட்டினால் 'டக்'கென்று சத்தம் வருகிறது, சில நாள் மாட்டிக்கொள்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேனில் வெளிப்பக்க மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு) 'டிஸ்காய்டு', அதாவது வட்டு வடிவம், கிழிசல் இல்லை என்று வந்தது. ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரோ, உள்ளே பார்த்த பிறகுதான் தையல் வேண்டுமா என்று சொல்ல முடியும் என்கிறார். ஸ்கேனிலேயே தெரியாதா?

பதில்: உங்கள் டாக்டர் மழுப்பவில்லை. கிழிசல் இல்லாவிட்டாலும் இந்த ஜவ்வின் விளிம்பு மூட்டோடு சரியாகப் பிடிக்காமல் தளர்ந்திருக்கலாம், தையல் அந்தத் தளர்வுக்குத்தான். ஸ்கேன் எடுக்கும்போது பிள்ளை மல்லாந்து படுத்து, காலை ஏறக்குறைய நீட்டியபடி அசையாமல் கிடக்கிறாள், ஜவ்வு நழுவுவதோ முட்டி மடங்கி நிமிரும்போது. படம் எடுத்த நேரத்தில் அது தன் இடத்துக்கே திரும்பி உட்கார்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது.

அதற்காக ஸ்கேன் வீண் இல்லை. வழக்கமாகப் பிறை வடிவில் இருக்க வேண்டிய மெனிஸ்கஸ் சிலருக்குப் பிறவியிலேயே வட்டமாக, தடிமனாக அமைந்துவிடும் (ஆசியர்களிடம் இது சற்று அதிகம்). நடுப்பகுதி அகலம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் டிஸ்காய்டு என்கிறோம். ஆனால் அகலத்தை வைத்து வடிவம்தான் தெரியும், பிடிப்பு எப்படி என்று தெரியாது. பிடிப்புக்கு நான் தேடுவது வேறு: மெனிஸ்கஸ் முன்னாலோ பின்னாலோ நடுவிலோ ஒதுங்கிக் கிடக்கிறதா, அதன் விளிம்புக்கும் மூட்டு உறைக்கும் நடுவில் நீர் தெரிகிறதா, பின்பக்கம் பாப்ளிட்டியஸ் என்ற சின்னத் தசையின் நாண் போகும் இடத்தில் அதைக் கட்டிவைத்திருக்கும் மெல்லிய இழைகள் அறுந்திருக்கின்றனவா. இதில் ஒன்று தெரிந்தாலும் தையலுக்குத் தயாராகவே உள்ளே போவேன். எதுவும் தெரியாவிட்டால்? மாட்டிக்கொள்ளும் முட்டிக்கு 'தளர்வு இல்லை' என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆர்த்ராஸ்கோப்பியில் (சின்னத் துளை வழியே முட்டிக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) சின்னக் கொக்கியால் இழுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும்.

இணையத்தில் 3 மி.மீ. கணக்கு ஒன்று கண்ணில் பட்டிருக்கலாம். ஜவ்வு மூட்டுக்கு வெளியே எவ்வளவு பிதுங்கியிருக்கிறது என்று அளப்பது அது, பெரும்பாலும் நடுத்தர வயதுக்காரர்களின் உள்பக்க மெனிஸ்கஸ் வேர் (எலும்போடு ஒட்டியிருக்கும் முனை) கிழிசலுக்குத்தான் பேசப்படும். இங்கே அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: தளர்வு இருந்தால் அதே ஆபரேஷனில் தைத்துவிடுவீர்களா, அதற்கான சாமான்கள் கையில் இருக்குமா? வடிவத்தை மட்டும் செதுக்கினால் சீக்கிரம் நடந்துவிடுவாள், தையல் போட்டால் சில வாரம் ஊன்றுகோல், குந்தி உட்காருவதற்குச் சில மாதம் தடை, கபடி அதற்கும் பிறகுதான். பள்ளிக்கூட லீவை நீண்ட கணக்குக்கே போட்டுவையுங்கள். இதற்கிடையில் முட்டி மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால், ஆபரேஷன் தேதி வரட்டும் என்று இருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.