லட்சியம் இல்லாவிட்டால் அலட்சியமா?

கேள்வி: "லட்சியம் இல்லாதவன் வாழ்க்கைக்குப் பெயர்தான் அலட்சியம்" என்று எங்கள் ஊர்ப் பள்ளி விழாவில் ஒரு பேச்சாளர் சொன்னார். பலத்த கைதட்டல். இது சரியான பொருளா? அலட்சியம், அசட்டை, உதாசீனம் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி ஒருவர், திருவாரூர்

பதில்: சரியில்லை. கைதட்டலுக்காக ஒரு சொல்லின் அர்த்தத்தைத் திருகக் கூடாது. அதுவும் பிள்ளைகள் முன்னால்.

இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். வடமொழியில் 'லக்ஷ்' என்றால் பார்த்தல், குறித்துக்கொள்ளுதல். கண் எதைக் குறிவைக்கிறதோ அது லட்சியம். ஆனால் தமிழில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. "தொண்டை கிழியக் கத்துறேன், லட்சியமே பண்ண மாட்டேங்கிறான்" என்று அம்மாக்கள் சொல்வார்களே, அந்த லட்சியம்: மதித்துக் கவனிப்பது. அலட்சியம் இதற்குத்தான் எதிர்ப்பதம். குறிக்கோள் என்று எதுவும் இல்லாத ஒருவர், வயதான தாய்க்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். பெரிய குறிக்கோளோடு ஓடுகிற அண்ணன் மாதக்கணக்கில் ஒரு போன்கூடப் பண்ணுவதில்லை. அலட்சியம் யாரிடம் இருக்கிறது?

அந்த மேடைக்கு எதிரே, என்ன படிக்கப் போகிறோம் என்றே இன்னும் பிடிபடாத பிள்ளைகள் உட்கார்ந்திருந்திருப்பார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு பட்டம் கட்டிவிட்டுப் போனது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அசட்டை, அலட்சியத்துக்கு ஒட்டிய உறவு. 'சட்டை பண்ணுவதில்லை' என்கிறோமே, அதேதான். உதாசீனத்தின் கதை வேறு. வடமொழியில் உதாசீனன் என்றால் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி அமர்ந்தவன். கீதையின் 9-வது அத்தியாயத்தில் கண்ணன் தன்னையே 'உதாசீனனைப் போல் இருப்பவன்' என்கிறான். அங்கே அது பற்றில்லாமை, குறையே இல்லை. தமிழில் புழங்கப் புழங்கத்தான் அதில் அவமதிப்பு ஏறியது. ஓர் அலுவலக ஜன்னலுக்கு வெளியே பெரியவர் ஒருவர் நிற்கிறார். கையில் மடித்து மடித்து நைந்துபோன ஜெராக்ஸ் காகிதம். உள்ளே இருப்பவர் அதை வாங்கிப் படிக்காமலே ஓரமாகப் போடுகிறார். தலையைத் தூக்காமலே "அப்புறம் வாங்க" என்கிறார். காகிதத்துக்கு நடந்தது அலட்சியம். பெரியவருக்கு நடந்தது உதாசீனம். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் மனதை அறுப்பது இரண்டாவதுதான்.

கவனக்குறைவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது கண்ணில் படாமல் நேர்ந்துவிட்ட பிசகு. கண்ணில் பட்டும் 'என்ன ஆகிவிடப் போகிறது' என்று கடந்து போனால்தான் அலட்சியம். விபத்துச் செய்தி எழுதும்போது எது நடந்தது என்று விசாரிக்காமலே 'அலட்சியத்தால்' என்று போட்டுவிடும் பழக்கம் பத்திரிகைகளில் இருக்கிறது. எங்கள் பக்கங்களிலும் வந்திருக்கிறது, அது தவறு. (இன்னொன்று: 'மூட்டையை அலட்சியமாகத் தூக்கித் தோளில் போட்டார்' என்றால் அது பாராட்டு. மூட்டை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம்.)

திருக்குறளின் 54-வது அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு; செய்ய வேண்டியதைக் கைநழுவ விடுவது. அது எப்போது வரும் என்று வள்ளுவர் முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறார்: 'இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.' அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, பெரிய சந்தோஷத்தின் மயக்கத்தில் வரும் சோர்வு. அப்படியானால் அந்த எச்சரிக்கை முதலில் போக வேண்டிய இடம், நினைத்ததைச் சாதித்துவிட்டு மாலையும் சால்வையுமாக நிற்பவர்களிடம். அடுத்த முறை அந்தப் பேச்சாளர் வந்தால் இந்தக் குறளை அவரிடம் கொடுத்து, பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள்.