குழாய்த் தண்ணீரும் காண்டாக்ட் லென்ஸும்

கேள்வி: வயது 24. வீடு மதுரை செல்லூர், விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை. பவர் மைனஸ் 4. இரண்டு வருடமாக, மாதம் ஒரு ஜோடி மாற்றும் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று கூட்டத்தில் பீய்ச்சிய தண்ணீர் கண்ணில் பட்டது. வீட்டில் லென்ஸ் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் தீர்ந்திருந்தது. லென்ஸைக் குழாயில் கழுவி, அந்தத் தண்ணீரிலேயே ஊறவைத்து, மறுநாள் போட்டுக்கொண்டேன். மூன்று நாளாக வலது கண் சிவந்து வலிக்கிறது; வெளிச்சம் பட்டால் கூசுகிறது. மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து விடுகிறேன். வைகாசியில் கல்யாணம், லென்ஸை விட முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. கடிதம் கைக்கு வந்த அன்றே, 'லென்ஸைக் கழற்றுங்கள், இன்றே கண் டாக்டரிடம் போங்கள்' என்று தனியாகச் சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டிலிருந்து அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம்தான். அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். லென்ஸையும் டப்பாவையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோகச் சொன்னது, எந்தக் கிருமி என்று அவற்றிலிருந்தும் பரிசோதித்துப் பார்க்கலாம் என்பதால்.

அழகர் மேல் பழி போட வேண்டாம். எனக்கு அதிகக் கவலை உங்கள் வீட்டுக் குழாய்தான். ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கார்ப்பரேஷன் தண்ணீர், கேன் தண்ணீர், லென்ஸுக்கு எதுவும் ஆகாது. தண்ணீரிலும் மண்ணிலும் அகாந்தமீபா என்றொரு ஒற்றைச்செல் உயிரி உண்டு. குளோரினுக்கும் அசராமல் ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். குடிக்கிறவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிழியோடு மணிக்கணக்கில் உரசிக்கொண்டிருக்கும்; அதில் புண் வரலாம். கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதில் ரத்தக்குழாய் கிடையாது. வேண்டிய ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. லென்ஸோடு தூங்கினால் அந்த வழியும் அடைபடும்.

கருவிழிப் புண் மதுரைக்குப் புதிதல்ல. 1990களில் இந்த மாவட்டத்தில் எடுத்த கணக்கில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு வந்திருந்தது. கதிர் அறுக்கும்போது கண்ணில் அடித்த தாள், உமி, அதன் மேல் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டு இரண்டு நாள் பார்ப்பது, அப்புறம் ஆஸ்பத்திரி. இது பழைய கதை. நீங்கள் மெடிக்கலில் வாங்கி விட்ட சொட்டு மருந்தும் ஏறக்குறைய அந்த விளக்கெண்ணெய் மாதிரிதான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், கிருமி உள்ளே போய்க்கொண்டிருக்கும். சில பாக்டீரியா ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும். பாட்டில் எதுவானாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு கல்லூரிப் பையன் இப்படித்தான் வந்தான். 'தினமும் சுத்தம் செய்கிறேன் சார்' என்றான். டப்பாவைத் திறந்து அடியில் விரலை வைத்தேன். கிணற்றுப்படி பாசி போல வழவழவென்றிருந்தது. வாங்கி ஒன்றரை வருடமாம். பழைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றிவந்திருக்கிறான். நேற்றைய சாம்பாரில் இன்றைய சாம்பாரைக் கலப்போமா? தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். டப்பாவையும் சொல்யூஷனிலேயே அலசி, திறந்து கவிழ்த்துக் காயவிட வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். லென்ஸைத் தொடும் கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக ஈரம் போகத் துடைக்க வேண்டும். வெறும் சலைன், அதாவது உப்புநீர், கிருமியைக் கொல்லாது. சொல்யூஷன் தீர்ந்துபோனால் அன்றைக்குக் கண்ணாடி.

இப்போது கல்யாணம். புண் ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை லென்ஸ் கூடாது. சொன்ன பிறகும் பழைய ஜோடி, டப்பா, பாட்டில் மூன்றும் குப்பைக்கு. முகூர்த்தத்துக்கு மட்டும் என்றால், ஒரு நாள் போட்டு எறிகிற டெய்லி லென்ஸ் போதும். கழுவும் வேலையே இல்லை. மையும் மேக்கப்பும் லென்ஸ் போட்ட பிறகு. கலைக்கும்போது முதலில் லென்ஸ். ஓமப் புகை கண்ணைக் கரிக்கும், கசக்காதீர்கள். பவரைப் போக்கும் லேசர் சிகிச்சைப் பேச்சை இப்போதைக்கு எடுக்கவே வேண்டாம். நலுங்குக்குக் கண்ணாடியோடு உட்காருங்கள். மாப்பிள்ளையும் ஒருமுறை பார்த்துவைக்கட்டும்.