மிர்ட்டில் பீச்சைத் தவிர தென் கரோலினாவில் என்ன இருக்கிறது?

"மிர்ட்டில் பீச்சில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். தென் கரோலினாவில் கடற்கரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நெல் இருந்தது. இப்போது பெயருக்குத்தான் மிச்சம். ஆனால் அந்த நெல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த அமெரிக்க மாநிலத்தின் முக்கால்வாசி விளங்கிவிடும்.

நான் ஆறு வருஷம் கிரீன்வில்லில் வேலை பார்த்தவன். அது மாநிலத்தின் மேட்டுப்பக்கம். செம்மண், சின்னச் சின்னக் குன்றுகள், பிஎம்டபிள்யூ தொழிற்சாலை, பீச் தோட்டங்கள். (இந்த பீச் பழம். பெயரெல்லாம் பக்கத்து ஜார்ஜியாவுக்கு, விளைச்சல் எங்களுக்கு என்று ஊர்க்காரர்கள் புலம்புவார்கள்.) அங்கிருந்து கடலை நோக்கிக் காரை விட்டால், நடுவில் தலைநகர் கொலம்பியா. அதோடு பாறை முடிந்து மணல்மேடு தொடங்கும். பிறகு ஒரே தட்டையான சதுப்பு நிலம். கடலோரப் பகுதியை லோகன்ட்ரி என்பார்கள், தாழ்நாடு. மேட்டில் சிறு விவசாயிகள், தாழ்நாட்டில் பெரும் பண்ணைக்காரர்கள். 1786-ல் தலைநகரைக் கடலோரச் சார்ல்ஸ்டனிலிருந்து நடுவிலுள்ள கொலம்பியாவுக்கு மாற்ற முடிவெடுத்ததே இந்த இரண்டு தரப்பின் இழுபறியால்தான்.

உங்களுக்கு இவ்வளவு தூரம் அலைச்சல் வேண்டாம். மிர்ட்டில் பீச்சிலிருந்து 17-ம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சார்ல்ஸ்டன் வரை போங்கள். இரண்டு மணி நேரம்தான் ஆகும். வழியில் ஜார்ஜ்டவுன் வரும். 1840 வாக்கில் அமெரிக்கா முழுவதும் விளைந்த நெல்லில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு வட்டாரத்தில் விளைந்தது. ஊருக்குள் ஒரு நெல் அருங்காட்சியகமே இருக்கிறது. அதைத் தாண்டி சான்ட்டீ ஆற்றுப் பாலங்களில் போகும்போது வேகத்தைக் குறைத்து இருபக்கமும் பாருங்கள். புல் மண்டிய சதுப்புதான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் புல்லுக்குள் நேர்கோடுகள் தெரியும். வரப்புகள்! மூச்சடைக்கிற அளவுக்கு நீளம். ஆற்றுச் சதுப்பில் நேர்கோடு தானாக உண்டாகாது, எவனோ வெட்டியிருக்கிறான்.

அந்த வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்த விதம்தான் என்னை அசத்தியது. ஏரி கிடையாது, ஏற்றம் கிடையாது. கடல் ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்மட்டம், ஏறும்போது ஆற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. ஆற்றின் நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உப்புத்தண்ணீர் அதற்கு அடியில் நிற்கும். ஆக, கடலுக்கு ரொம்பப் பக்கத்திலும் இல்லாமல் ரொம்ப உள்ளேயும் இல்லாமல் ஒரு பட்டையில் மட்டும் நல்ல தண்ணீர் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். வயல்களை அங்கே அமைத்தார்கள். கரையின் அடியில் நீளமான மரப்பெட்டி மாதிரி ஒரு மதகு, இரண்டு முனையிலும் மேலே கீல் வைத்துத் தொங்கும் கதவு. வெளிக்கதவைத் தூக்கி வைத்தால், ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்கதவைத் தள்ளிக்கொண்டு வயலுக்குள் வரும். ஓதம் வடியும்போது வயல் தண்ணீரே அந்தக் கதவை அழுத்தி மூடிவிடும். வடிக்க வேண்டுமா, உள்கதவைத் தூக்கி வைத்து வெளிக்கதவை இறக்கிவிட்டால் போதும். இந்த மதகுக்கு இன்றும் 'டிரங்க்' என்றுதான் பெயர். ஆரம்பத்தில் குடைந்த மரத்தண்டைப் புதைத்ததால் வந்த பெயராம். சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே ஏஸ் பேசின் என்ற ஆற்றுப்படுகையில் வாத்துகளுக்காகத் தண்ணீர் தேக்க இப்போதும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒரு நாள் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து, உள்கதவு 'டொப்'பென்று தானாக மூடிக்கொள்ளும்வரை காத்திருந்து பார்த்தேன். மனைவி காருக்குள் கொசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, இதையெல்லாம் செய்தது யார்? 1663-ல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் எட்டுப் பிரபுக்களுக்கு இந்த நிலத்தை எழுதிக் கொடுத்தார். 1670-ல் குடியேற்றம் தொடங்கியது, பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் முதல் சியரா லியோன் வரையிலான கடற்கரையில் இருந்தார்கள். அவர்களைப் பிடித்து, விலைக்கு வாங்கி, கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். விதையைக் களிமண்ணில் பிசைந்து தண்ணீரில் மிதக்காமல் செய்வது, குதிகாலால் குழி பறித்து விதைத்துக் காலாலேயே மூடுவது, உரலில் குத்திப் புடைப்பது, எல்லாம் அவர்கள் கையோடு வந்த வித்தை. சைப்ரஸ் காட்டை அழித்துக் கரை போட்டதும் அவர்கள்தான், இடுப்பளவு சேற்றில் பாம்புக்கும் முதலைக்கும் நடுவில். 1860 கணக்கெடுப்பில் மாநிலத்தின் 7 லட்சம் பேரில் 4 லட்சம் பேர் அடிமைகள். சார்ல்ஸ்டன் மாளிகைகளைப் படம் எடுக்கும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும்.

கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிகள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளைக்காரர்கள் அதிகம் இல்லாத கடலோரத் தீவுகளிலும் பண்ணைகளிலும் ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து ஒரு தனி மொழியே உருவானது. அதன் பெயர் கல்லா. (கடைக் கல்லா இல்லை!) அந்த மக்களுக்கும் அதே பெயர்தான். 2005-ல் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதும் அந்த மொழியில் வெளிவந்தது.

17-ம் நெடுஞ்சாலையில் மவுன்ட் பிளசன்ட் ஊரை நெருங்கும்போது ரோட்டோரத்தில் பலகைக் கொட்டகைகள் வரும். கல்லா பெண்கள் கூடை பின்னி விற்பார்கள். பின்னுவது என்று சொன்னால் திருத்துவார்கள், 'தைக்கிறோம்' என்பார்கள். இனிப்புப்புல் என்ற ஒரு வாசனைப் புல்லைக் கயிறு மாதிரி சுருட்டி, காம்பு முனை தேய்த்த கரண்டியால் துளை போட்டு, பனை ஓலைக் கீற்றை நுழைத்து இறுக்குகிறார்கள். அம்மா வந்திருந்தபோது கூட்டிப்போனேன். வரிசையாக மாட்டியிருந்ததில் அகலமான, விளிம்பு குட்டையான வட்டத்தட்டு ஒன்றை அம்மா கையில் எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினாள். "என்னடா இது, முறம் மாதிரியில்ல இருக்கு!" கடைக்காரப் பாட்டி தையலை நிறுத்திவிட்டு அம்மாவின் கையையே பார்த்தார். பிறகு என்னிடம், "அம்மாவுக்கு அரிசி புடைக்கத் தெரியுமா? எங்கள் பாட்டியும் அப்படித்தான் பிடிப்பாள்" என்றார். அது நெல் புடைக்கிற தட்டேதான். ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும், விலை நூற்றுக்கணக்கான டாலர். பேரம் பேசாதீர்கள். புல் வளர்ந்த கடலோரமெல்லாம் ரிசார்ட்டும் வேலி போட்ட பங்களாவுமாகிவிட்டதால் புல்லுக்கே அவர்கள் தூரம் போக வேண்டியிருக்கிறது.

சார்ல்ஸ்டனைப் பற்றி இணையம் முழுக்க எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கிவிடுகிறேன். 1860 டிசம்பர் 20-ல் அமெரிக்காவிலிருந்து முதலில் பிரிந்தது இந்த மாநிலம். 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழுந்த சம்டர் கோட்டைக்குப் படகில் போய்வரலாம். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய கதை காம்பாஹீ ஆற்றில் நடந்தது. 1863 ஜூன் 2 அதிகாலையில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஹாரியட் டப்மன், வடக்குத் தரப்பின் கருப்பர் படையோடு நீராவிப் படகுகளில் நெல் வயல்களுக்கு நடுவே நுழைந்தார். அரிசிக் கிடங்குகளைக் கொளுத்தி, மதகுகளை உடைத்து, 700-க்கும் மேற்பட்டவர்களைப் படகிலேற்றிக் கொண்டுபோய் விடுதலை செய்தார்கள்.

அடிமைகள் எல்லோரும் விடுதலையான பிறகு கூலி கொடுத்து இந்தச் சேற்றில் வேலை வாங்க முதலாளிகளால் முடியவில்லை. இயந்திரம் இறக்கினால் புதைந்துவிடும். லூசியானாவும் ஆர்கன்சாவும் இயந்திரத்தோடு போட்டிக்கு வந்தன. 1893-லும் 1911-லும் அடித்த புயல்கள் கரைகளை உடைத்துக் கதையை முடித்தன. உமி பொன்னிறமாக இருப்பதால் கரோலினா கோல்டு என்று பெயர் பெற்ற அந்த நெல்லை 1980-களில் விதை வங்கியிலிருந்து எடுத்து மறுபடி விளைவித்தார்கள். இப்போது சின்னப் பைகளில் விற்கிறது, விலைதான் கையைக் கடிக்கும்.

சாப்பாட்டில் நெல் இன்னும் போகவில்லை. ஹாப்பின் ஜான் என்றால் பன்றிக்கறி போட்ட காராமணி சோறு, புத்தாண்டன்று வீட்டுக்கு வீடு செய்வார்கள். தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறு எங்கும் கிடைக்கும். பன்றி சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், கீரையில்கூடப் போட்டிருப்பார்கள். ரோட்டோரத்தில் அவித்த வேர்க்கடலை கிடைக்கும், அதுதான் மாநிலத்தின் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனி. உப்பு மட்டும் நம்மைவிடத் தூக்கல்.

ஏப்ரலிலோ அக்டோபர் கடைசியிலோ போனால் வெயில் தாங்கும். சார்ல்ஸ்டனில் காரை நிறுத்துவதற்கு முன் ஓத அட்டவணையை ஒரு தடவை பாருங்கள். பழைய நகரத்தின் கணிசமான பகுதி ஓடைகளைத் தூர்த்துக் கட்டியது. ஒரு அமாவாசை நாளில் சுளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது சாக்கடை வழியாகக் கடல் மேலே வந்தது. நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காரின் கதவடி வரை உப்புத்தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போய்த்தான் காரை எடுத்தேன்.