பிடிபட்ட இடத்தில் நிற்கும் மனம் – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். வயது 47. ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எட்டு மாதம் முன்பு வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து மாஸ்டர் என்னிடம் சொல்கிற ஒரே வார்த்தை, "விறைக்காதீங்க" என்பதுதான். தினமும் காலையில் அரைமணி நேரம் வலியைப் பொறுத்துக்கொண்டு உடம்பை வளைக்கிறேன். இப்போது குனிந்தால் தரையைத் தொட முடிகிறது. ஆனால் வகுப்பில் பயிற்சி மேட் மேல் யாராவது மணிக்கட்டைப் பிடித்ததும் கை கட்டையாகிவிடுகிறது. உருளச் சொன்னால் தொம்மென்று விழுகிறேன். இரண்டு மாதமாக இடது தோளில் வேறு வலி. சட்டை போடக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இன்னொன்று. உடம்பு மட்டும் போதாது, மனமும் வளைய வேண்டும் என்கிறார் மாஸ்டர். எங்கள் தொழிலில் வளைந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வாடகையில் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த லோடுக்கும் அதையே கேட்பார்கள். வளைந்துகொடுப்பது தோற்றுப்போவது இல்லையா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

முதலில் தோள். மற்றதெல்லாம் பிறகு. கை பின்னால் போகவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, இரண்டு மாதமாக இருக்கிறது என்று மூன்றும் சேர்ந்து வரும்போது அதைப் பயிற்சியில் வரும் சாதாரண உடம்புவலி என்று விட்டுவிடக் கூடாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகுவது உண்டு. ஃப்ரோசன் ஷோல்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். விழுந்ததில் தசைநார் கிழிந்திருக்கவும் கூடும். எது என்று எலும்பு மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை உருள வேண்டாம். வலியைப் பொறுத்துக்கொண்டு இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். மாஸ்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 39 வயதில் எனக்குக் காறை எலும்பு முறிந்தது. அப்போது என் உடம்பு நன்றாகவே வளையும். குனிந்தால் இரண்டு உள்ளங்கையும் தரையில் பதியும். ஒருநாள் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒருவர் என்னை வீசினார். பயந்து கையை நீட்டி ஊன்றினேன், முழங்கை பூட்டிக்கொண்டது. விழுந்த வேகம் முழுவதும் அந்தக் கை வழியாக ஏறிக் காறை எலும்பில் போய் முடிந்தது. மெத்தையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் வளைத்து வைத்த உடம்பு எங்கே போயிற்று என்றுதான் தோன்றியது. குனியும்போது வளைகிற உடம்பும் பயப்படும்போது வளைகிற உடம்பும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்தது அந்த ஆறு வாரத் தூக்குக்கட்டில்தான்.

எங்களோடு இரண்டு பேர் பயிற்சி செய்தார்கள். ஒருத்தி பரதம் ஆடுகிற கல்லூரிப் பெண். காலை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோவாள். இன்னொருவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு செய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். நாள் முழுவதும் குனிந்தே வேலை செய்வதால் முதுகு கூன் போட்டிருக்கும், கழுத்து பாதிதான் திரும்பும். நிக்கியோ என்ற மணிக்கட்டுப் பூட்டை இருவருக்கும் போட்டுப் பார்த்தால், அந்தப் பெண் அலறுவாள். பிடித்த மறுநொடியே தோள் காதுக்கு ஏறிவிடும், மூச்சு நின்றுவிடும். அவரோ பூட்டு முழுதாக விழும் முன்பே முழங்காலை மடித்து இறங்கிவிடுவார். வலி அவரை எட்டுவதற்குள் அவர் தரையில் இருப்பார்.

எப்படி அண்ணே என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். பட்டறைக் கதை ஒன்றைச் சொன்னார். வெள்ளிக் கம்பியைத் துளை துளையாக இழுத்து மெலிதாக்கும்போது, சில துளை தாண்டியதும் கம்பி முறுக்கேறி விறைத்துவிடுமாம். அதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். அப்போது கம்பியைச் சுருட்டி, மங்கலாகச் சிவக்கிற அளவுக்கு நெருப்பில் காட்டி எடுத்தால் பழையபடி இளகிவிடும், மறுபடி இழுக்கலாம். "இழுக்க இழுக்க இளகும்னு நெனச்சு இழுக்கறவன் வெள்ளிய வீணாக்கிருவான் தம்பி" என்றார். உங்கள் காலை அரைமணி நேரத்தைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

உலோகத்தைப் போலத்தான் உடம்பும் என்று சொல்ல மாட்டேன், உள்ளே நடப்பது வேறு. ஆனால் வலிக்க வலிக்க இழுக்கும்போது தசையும் எதிர்த்து இறுகத்தான் செய்யும். நீளம் மிஞ்சினால் அறுந்துவிடுவோம் என்று தசைக்குள் இருக்கும் உணர்கருவிகள் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து சுருங்கு என்று உத்தரவு வருகிறது. உங்களைக் கேட்டு நடப்பதில்லை அது. மெதுவாக, வலிக்கு முன்னாலேயே நின்று, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தால்தான் அந்தக் காவல் தளரும். முதலில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் குளிர்ந்த உடம்பை இழுக்காதீர்கள். நெருப்பில் காட்டுவது என்று அவர் சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி மேட் மேல் நடப்பது. ஒருவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்ததும், கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. கை ஒரு கம்பாகிவிடுகிறது. கம்பைப் பிடித்தவருக்கு அதன் மறுமுனையை ஆட்டுவது எளிது. மறுமுனையில் இருப்பது உங்கள் தோள், அதற்கடுத்து உங்கள் நிலை. கையைத் துவண்ட துணியாக விட்டாலும் பயனில்லை. உங்களுக்கும் அவருக்கும் தொடர்பே அற்றுப்போகும், மாஸ்டர் அதையும் திருத்துவார். விரல்கள் விரிந்து, முழங்கை லேசாக வளைந்து, தோள் இறங்கி, கை எப்போதும் தொப்புளுக்கு நேராக இருக்க வேண்டும். லாரி ஆபீஸில் இருக்கிறீர்கள், டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை நெரித்துப் பிடிக்கிறவர் புதியவர். பழகியவரின் பிடி தளர்வாக இருக்கும், ஆனால் விடாது.

ஏன் பிடித்ததும் இறுகுகிறோம்? மனம் அங்கே போய் நின்றுவிடுவதால். 17ஆம் நூற்றாண்டில் தாகுவான் என்ற ஜென் துறவி, ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனுக்கே வாள் கற்பித்த யக்யூ முனெனோரிக்கு இதைப் பற்றித்தான் எழுதினார். எதிரியின் வாளில் மனம் நின்றால் வாள் உன்னைப் பிடித்துக்கொள்ளும், உன் வாளிலேயே நின்றாலும் அப்படித்தான் என்பது அவர் சொன்னதன் சாரம். அசையாத மனம் என்று அவர் சொன்னது எங்கும் நின்றுவிடாத மனத்தை. எனக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைத்ததில்லை. உங்கள் மணிக்கட்டு பிடிபட்டிருக்கிறது, சரி. முழங்கை, தோள், இடுப்பு, இரண்டு கால்கள், மூச்சு எல்லாம் சும்மாதானே இருக்கின்றன? மனம் மணிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இவை இருப்பதே தெரியாது. அடுத்த முறை பிடிபடும்போது கையை விட்டுவிட்டுப் பாதம் தரையில் எங்கே அழுந்துகிறது என்று மட்டும் கவனியுங்கள். தோள் தானாக இறங்கும்.

பழமொழிக்கு வருகிறேன். அது பிள்ளை வளர்ப்புக்குச் சொன்னது. வீட்டில் கேட்கிறவர்களுக்கு ஐகிடோவைத் தொடங்கிய மோரிஹேய் உஏஷிபாவின் கதையைச் சொல்லுங்கள். 1883இல் பிறந்தவர். தகேதா சோகாகு என்ற ஆசிரியரைச் சந்தித்து தைத்தோ-ரியூ என்ற பழைய தற்காப்புக் கலையைக் கற்கத் தொடங்கியது 1915இல், 31 வயதில். 1931இல் டோக்கியோவில் அவர் திறந்த கோபுகான் என்ற பயிற்சிக்கூடத்தில் பயிற்சி எவ்வளவு கடுமை என்றால் அதற்கு 'நரகக் கூடம்' என்றே பெயர். ஐகிடோ என்ற பெயர் நிலைபெற்றது 1942இல், அவருடைய 58ஆம் வயதில். அதன் பிறகு இவாமா கிராமத்தில் வயல் வேலை செய்துகொண்டே, 1969இல் 85 வயதில் இறக்கும் வரை அவர் தன் கலையை மாற்றிக்கொண்டே இருந்தார். இன்று நீங்களும் நானும் கற்கிற மென்மை பெரும்பாலும் அவர் ஐம்பதைத் தாண்டிய பிறகு வந்தது.

வாடகைக் கேள்விக்குத் தென்கான் என்ற சுழலும் அசைவிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எட்டு மாதத்தில் நூறு முறையாவது செய்திருப்பீர்கள். மணிக்கட்டைப் பிடிக்கிறார். நீங்கள் இழுக்கவில்லை, தள்ளவில்லை. பிடித்த கையை அங்கேயே வைத்துவிட்டு, முன்காலில் சுழன்று அவர் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள். இப்போது அவர் பார்க்கிற திசையையே நீங்களும் பார்க்கிறீர்கள். இதில் விட்டுக்கொடுத்தது என்ன? அவருடைய எதிரில் நின்ற இடத்தை மட்டும். கை இன்னும் உங்கள் தொப்புளுக்கு நேராகத்தான் இருக்கிறது, நிலை குலைந்திருப்பது அவர்.

போனில் வாடகை குறைக்கச் சொல்கிறவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? திரும்பி வரும் வண்டி காலியாக வருமே என்றா, சரக்கு நாளைக்குள் போய்ச் சேர வேண்டுமே என்றா, போன லோடுக்கு அவருக்கே பணம் வரவில்லையா? ஒரு நிமிடம் அவர் பக்கம் நின்று பார்த்தால், தொகையைத் தொடாமல் மாற்றக்கூடிய மூன்று விஷயம் தெரியும்: ஏற்றும் நாள், முன்பணம், வருகிற வழியில் இன்னொரு சரக்கு. இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற தொகை உங்களிடம் இருக்கட்டும், அது தொப்புளுக்கு நேரே இருக்கும் கை. அது இல்லாமல் வளைகிறவரைத்தான் ஏறி மிதிக்கிறார்கள். உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அது துவண்டுபோவதைப் பற்றிய பயம்.

இந்தக் கலையில் பாதி நேரம் விழுவதிலேயே போகிறது என்பதையும் யோசியுங்கள். நாலு முறை நீங்கள் வீசினால் அடுத்த நாலு முறை நீங்கள் விழ வேண்டும். பெரும்பாலான கூடங்களில் போட்டி கிடையாது, புள்ளி கிடையாது. விழுகிறவர் செய்வதற்கு உக்கேமி என்று பெயர், உடம்பால் ஏற்றுக்கொள்வது என்று பொருள். உங்களுக்கு உக்கேமி வராததற்கு இடுப்பு வளையாதது காரணமில்லை. தரை நெருங்கும்போது மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. தோள் சரியானதும் நின்ற நிலையிலிருந்து உருள வேண்டாம். குத்தவைத்து உட்காருங்கள், அது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தாடையை நெஞ்சோடு சேர்த்து, வாயால் மூச்சை விட்டுக்கொண்டே பின்பக்கம் சாயுங்கள், திரும்பி எழுங்கள். ஒரு மாதம் இது போதும். முன்னுருளல் அப்புறம். அதில் உடம்பு தரையைத் தொடும் கோடு கைவிளிம்பில் தொடங்கி, முழங்கை, தோள், முதுகைக் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். தலை தரையில் படவே கூடாது.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.